கரைந்தால்தான் பயிருக்கு உணவு

காவிரி டெல்டாப் பகுதியில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஐந்து முதல் பத்து நாட்களுக்கு முன்பே, வயலில் மெழுகுபதம் இருக்கும்போது, உளுந்தும் பச்சைப்பயறும் விதைப்பது வழக்கம். நெல் தரிசுப் பயறு என்று நாம் சொல்லும் இப்பயிருக்கு உழவு இல்லை, பாசனம் இல்லை, அடியுரமும் இல்லை. நிலத்தில் எஞ்சிய ஈரமும் காலைப் பனியுமே இதற்குத் துணை. இதற்கு நாம் ஊட்டும் உணவு பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். பூக்கும் தருணத்தில் ஒரு முறையும், அதிலிருந்து 15 நாட்கள் கழித்து மறுமுறையும் இலைவழியாகத் தெளிக்கும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசலே அந்த உணவு.

ஒரு முறைக்கு ஏக்கருக்கு 4 கிலோ உரம். 200 லிட்டர் நீர். கணக்கு எளியதுதான். ஆயினும் ஒரே கடையில் வாங்கிய அதே உரத்தை ஒருவர் தெளித்தால் காய் நன்கு பிடிக்கிறது. அடுத்த வயலில் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்கிறது, இலை ஓரம் கருகுகிறது, வாளியின் அடியில் பாதி உரம் அப்படியே நிற்கிறது. இந்த வேறுபாட்டுக்கு உரத்தின் தரம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பல இடங்களில் உண்மையான காரணம், உரம் கரைக்கப்பட்ட முறையே. ஆகவே, ஒரு பொருள் நீரில் எவ்வாறு கரைகிறது, எது கரையும், எது கரையாது, எதனுடன் எதைக் கலக்கலாகாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கரைதல் என்றால் என்ன?

ஒரு குவளை நீரில் ஒரு கரண்டிச் சர்க்கரையைப் போட்டுக் கலக்குகிறோம். சற்று நேரத்தில் சர்க்கரை கண்ணுக்குத் தெரிவதில்லை. அது அழிந்துவிடவில்லை. 1 கிலோ நீரில் 100 கிராம் சர்க்கரையைக் கரைத்து நிறுத்துப் பார்த்தால் எடை 1 கிலோ 100 கிராமாகவே இருக்கும். சர்க்கரை, கண்ணுக்கும் வடிதுணிக்கும் அகப்படாத மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து, நீர் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கிறது. இதுவே கரைசல். கரையும் பொருளைக் கரைபொருள் என்றும், கரைக்கும் நீரைக் கரைப்பான் என்றும் சொல்வர்.

நீருக்கு இந்த ஆற்றல் எவ்வாறு வந்தது? நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஆக்சிஜன் இருக்கும் பக்கம் சிறிது எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் இருக்கும் பக்கம் சிறிது நேர்மின் தன்மையும் கொண்டவை. சமையல் உப்பில் சோடியம் நேர்மின் துகளாகவும், குளோரின் எதிர்மின் துகளாகவும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அடுக்கடுக்காக இருக்கின்றன. மின்சுமை கொண்ட இத்தகைய துகள்களுக்கு அயனிகள் என்று பெயர். உப்புக் கல்லை நீரில் போட்டதும் நீரின் மூலக்கூறுகள் அதை எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொள்கின்றன. வெல்லக் கட்டியை எறும்புகள் மொய்த்துத் துணுக்குத் துணுக்காகப் பெயர்த்துக்கொண்டு போவதுபோல், நீரும் மேற்பரப்பில் உள்ள அயனிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, தான் சூழ்ந்துகொண்டு, வெளியே கொண்டுபோகிறது. டி.ஏ.பி., பொட்டாஷ், துத்தநாக சல்பேட் முதலியன இவ்வாறு அயனிகளாகப் பிரிந்து கரைகின்றன. சர்க்கரையும் யூரியாவும் அயனிகளாகப் பிரிவதில்லை. முழு மூலக்கூறுகளாகவே கரைகின்றன.

எண்ணெயின் மூலக்கூறுகளில் இத்தகைய மின்தன்மை இல்லை. ஆகவே நீர் அதைப் பற்றிக்கொள்வதில்லை. எண்ணெய் தனியே மிதக்கிறது.

பயிருக்கு இதனால் என்ன? வேர் உறிஞ்சுவதும் இலை ஏற்பதும் கரைந்த துகள்களையே. கரையாத உரத் துணுக்கு இலையின் மேல் எத்தனை நாள் கிடந்தாலும் உள்ளே போகாது. காசு கொடுத்து வாங்கிய உரத்தில், கரைந்த பங்கு மட்டுமே அன்றைய தினம் பயிருக்கு உணவு.

எவ்வளவு கரையும்?

குறிப்பிட்ட அளவு நீர், குறிப்பிட்ட வெப்பநிலையில், ஒரு பொருளை ஓர் அளவு வரைதான் ஏற்கும். அதற்கு மேல் போட்டால் அடியில் தங்கிவிடும். இனி ஏற்க இடமில்லாத அந்தக் கரைசலைத் தெவிட்டிய கரைசல் என்கிறோம். 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 1 லிட்டர் நீர் ஏற்கும் அளவு ஏறக்குறைய வருமாறு:

யூரியா – 1 கிலோ
சமையல் உப்பு – 360 கிராம்
மயில்துத்தம் – 300 கிராம்
ஜிப்சம் – 2 முதல் 2½ கிராம்
நீற்றிய சுண்ணாம்பு – 2 கிராமுக்கும் குறைவு

நீர் சூடானால் யூரியா, மயில்துத்தம் போன்றவை மேலும் அதிகமாகக் கரையும். சமையல் உப்பில் இந்த மாற்றம் மிகவும் குறைவு. சுண்ணாம்போ இதற்கு மாறாக, சூட்டில் குறைவாகவே கரையும்.

இங்கு ஜிப்சத்தைப் பற்றி ஒரு சொல். லிட்டருக்கு இரண்டரை கிராம்கூடக் கரையாத பொருளால் நிலக்கடலைக்கு என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடுகிறோம். அது முழுவதும் கரைய ஏறக்குறைய 65,000 முதல் 80,000 லிட்டர் நீர் வேண்டும். ஓர் ஏக்கரில் 1 சென்டிமீட்டர் உயரம் நீர் நின்றால் அது 40,000 லிட்டர். அதாவது, இரண்டு சென்டிமீட்டர் நீரே அதைக் கரைக்கப் போதுமானது. வாளியில் கரையாத ஜிப்சம் வயலில் சிறுகச் சிறுகக் கரைந்து, காய் வளரும் இடத்தில் சுண்ணாம்புச் சத்தைக் கொடுக்கிறது. நிலக்கடலைக் காய் இச்சத்தைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக எடுத்துக்கொள்வதால், இட்ட பின் மண்ணில் ஈரம் இருப்பது இன்றியமையாதது. காய்ந்த மண்ணில் இட்ட ஜிப்சம், ஈரம் கிடைக்கும் வரை வெறும் தூளே.

எவ்வளவு விரைவில் கரையும்?

எவ்வளவு கரையும் என்பது வேறு. எவ்வளவு நேரத்தில் கரையும் என்பது வேறு. நேரத்தை நிர்ணயிப்பவை மூன்று.

முதலாவது, துகளின் அளவு. கரைதல் மேற்பரப்பில்தான் நடக்கிறது. கட்டியைப் பொடித்தால் மேற்பரப்பு பெருகுகிறது, விரைவில் கரைகிறது.

இரண்டாவது, கலக்குதல். கட்டியை ஒட்டியுள்ள நீர் சீக்கிரம் தெவிட்டிப்போகும். அதை அகற்றிப் புதிய நீரைக் கொண்டுவருவதே கலக்குதலின் வேலை. இதைக் கைவலி இல்லாமல் செய்ய ஒரு பழைய வழி உண்டு. மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து, நீரின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே தொங்கவிட வேண்டும். கரைந்த நீர் எடை கூடியதாகையால் நீல நூலைப்போல் தானே கீழே இறங்கும். புதிய நீர் மேலே வந்து முடிச்சைச் சூழும். அடியில் போட்டு மூடி வைத்தாலோ, தெவிட்டிய நீர் துத்தத்தின் மேலேயே தேங்கி நின்றுவிடும்.

மூன்றாவது, வெப்பம். வெதுவெதுப்பான நீரில் பெரும்பாலான உரங்கள் விரைந்து கரையும். ஆனால் டி.ஏ.பி.யைக் கொதிநீரில் போடலாகாது. அதிலுள்ள தழைச்சத்தில் ஒரு பங்கு அம்மோனியா ஆவியாகப் போய்விடும். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை, நம் பணம் காற்றில் போவதற்கு அடையாளம்.

யூரியாவைக் கரைக்கும்போது வாளியைத் தொட்டால் சில்லென்று இருப்பதைப் பலரும் கவனித்திருப்பார்கள். யூரியாவின் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதற்கு வேண்டிய வெப்பத்தை நீரிலிருந்தே எடுத்துக்கொள்வதால் நீர் குளிர்கிறது. குளிர்ந்த நீரில் கரைதல் மேலும் தாமதமாகும். ஆகவே முழு யூரியாவையும் ஒரே சமயத்தில் சிறிதளவு நீரில் கொட்டாமல், சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குவது நல்லது. சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றும்போது கொதிப்பது இதிலிருந்து வேறானது. அது கரைதல் அன்று. சுண்ணாம்பு நீருடன் கூடி வேறொரு பொருளாகும் வேதி மாற்றம்.

டி.ஏ.பி. கரைசல் தயாரிக்கும் முறை

மேலே கண்டவற்றை இப்போது பயறுக்கான டி.ஏ.பி. கரைசலுக்குப் பொருத்திப் பார்ப்போம். 10 லிட்டர் நீர் 5 கிலோவுக்கு மேல் டி.ஏ.பி.யை ஏற்கும். நாம் போடுவது 4 கிலோ. ஆகவே நீர் போதும், நேரந்தான் வேண்டும். குருணை வடிவில் உள்ள டி.ஏ.பி. மெதுவாகவே கரையும். கரையாத சில வேற்றுப் பொருட்களும் அதில் உண்டு. அவை அடியில் வண்டலாகத் தங்கும்.

1. தெளிப்பதற்கு முதல் நாள் மாலை 4 கிலோ டி.ஏ.பி.யை 10 லிட்டர் நீரில் போட்டு, குச்சியால் நன்கு கலக்கி ஊற வைக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானை ஏற்றது. நீரைக் குறைத்து 5 லிட்டரில் ஊற வைத்தால் கரைசல் தெவிட்டி, உரத்தில் ஒரு பங்கு கரையாமலே நிற்கும்.

2. இரவு படுக்கப் போகுமுன் மீண்டும் ஒரு முறை கலக்கிவிட வேண்டும். அதன்பின் அசைக்காமல் தெளிய விட வேண்டும்.

3. மறுநாள் மேலே உள்ள தெளிவை மட்டும் மெல்ல இறுத்து, துணியால் வடிகட்டிக்கொள்ள வேண்டும். அடிவண்டலில் இன்னும் 2 லிட்டர் நீர் ஊற்றிக் கலக்கி, தெளிந்தபின் அந்த நீரையும் சேர்த்துக்கொள்ளலாம். வண்டலில் ஒட்டியிருந்த கரைசல் இதனால் வீணாகாது. எஞ்சிய வண்டலை எருக்குழியில் கொட்டிவிடலாம்.

4. 4 கிலோ உரம் கரைந்ததும் நீரின் அளவு 10 லிட்டரைவிடக் கூடிவிடும். எனவே, "டாங்குக்கு அரை லிட்டர்" என்று கண்மதிப்பாக ஊற்றினால் ஏக்கர் முடியும்போது தாய்க்கரைசல் மிஞ்சும். பயிருக்குப் போன அளவு குறைந்திருக்கும். இதைத் தவிர்க்க, வடித்த தெளிவுடன் நீர் சேர்த்துச் சரியாக 20 லிட்டர் ஆக்கிக்கொள்ளுங்கள். 10 லிட்டர் தெளிப்பானாக இருந்தால் ஒவ்வொரு டாங்குக்கும் இதில் 1 லிட்டரும் நீர் 9 லிட்டரும் ஊற்றினால், 20 டாங்குகளில் 200 லிட்டர் முடிந்துவிடும். 16 லிட்டர் தெளிப்பானுக்கு 1 லிட்டர் 600 மில்லி அளந்து ஊற்ற வேண்டும்.

சூப்பர் பாஸ்பேட்டை இவ்வாறு பயன்படுத்தலாமா என்று கேட்கலாம். அதில் மணிச்சத்துடன் ஜிப்சமும் கலந்திருக்கிறது. ஜிப்சம் எவ்வளவு குறைவாகக் கரையும் என்பதை மேலே கண்டோம். ஆகவே வண்டல் மிகும். அது நிலத்தில் இடுவதற்கே ஏற்றது.

சதவீதக் கணக்கு

உழவர்களைக் குழப்புவது சதவீதம் என்ற சொல். 1 சதவீதம் என்றால் லிட்டருக்கு 10 கிராம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அரை சதவீதம் – 10 லிட்டருக்கு 50 கிராம்; 200 லிட்டருக்கு 1 கிலோ
1 சதவீதம் – 10 லிட்டருக்கு 100 கிராம். 200 லிட்டருக்கு 2 கிலோ
2 சதவீதம் – 10 லிட்டருக்கு 200 கிராம். 200 லிட்டருக்கு 4 கிலோ

கைப்பிடிக் கணக்கு ஆபத்தானது. ஒருவர் கைப்பிடி மற்றவர் கைப்பிடியைப்போல் இராது. உரத்துக்கு உரம் எடையும் மாறும். சிறு தராசில் ஒரு முறை நிறுத்து, அந்த அளவுக்கு ஒரு தகர டப்பாவில் கோடு போட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வோர் உரத்துக்கும் தனித்தனி அளவு வேண்டும்.

இலை ஏன் கருகுகிறது?

ஊறுகாய்க்கு உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர் விட்டுச் சுருங்குவதை எல்லோரும் அறிவோம். வெளியே உப்பு மிகுந்திருந்தால் உள்ளே இருக்கும் நீர் அதை நோக்கி வெளியேறும். இலையிலும் இதுவே நடக்கிறது. இலைமேல் உள்ள கரைசல் மிகவும் செறிவானால், இலையின் உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேறி, அவ்விடம் வாடிக் கருகிவிடும்.

"நான் 2 சதவீதந்தானே தெளித்தேன்" என்று சொல்பவரின் வயலிலும் இலை கருகலாம். காரணம், டாங்கில் இருக்கும் செறிவு வேறு. சிறிது நேரம் கழித்து இலையில் இருக்கும் செறிவு வேறு. வெயிலில் நீர் மட்டும் ஆவியாகிறது. உரம் அங்கேயே நிற்கிறது. பாதி நீர் போனால் 2 சதவீதம் 4 சதவீதமாகிறது. பத்தில் ஒன்பது பங்கு நீர் போனால் அதுவே 20 சதவீதமாகிறது. பிறகு முழுவதும் உலர்ந்து உப்பாகப் படிந்துவிட்டால் இலைக்குள் போவதும் நின்றுவிடுகிறது. ஆக, உச்சி வெயிலில் தெளிப்பவருக்கு இரண்டு நட்டம்: இலையும் கருகும், உரமும் உள்ளே போகாது. மாலை வேளையில் தெளித்தால் துளி மெதுவாக உலரும். இலை நிதானமாக ஏற்றுக்கொள்ளும். டி.ஏ.பி. கரைசலை மாலையில் தெளிக்கச் சொல்வது இதனால்தான்.

எதனுடன் எதைக் கலக்கலாகாது?

தனித்தனியே நன்றாகக் கரையும் இரண்டு பொருட்கள், ஒன்று சேர்ந்தால் கரையாத மூன்றாவது பொருளாக மாறுவதுண்டு. ஒரு வேலையை மிச்சப்படுத்த நினைத்து எல்லாவற்றையும் ஒரே டாங்கில் ஊற்றுபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

டி.ஏ.பி.யும் துத்தநாக சல்பேட்டும் சேர்ந்தால் துத்தநாகப் பாஸ்பேட் என்னும் கரையாத வெண்பொடி உண்டாகும். துத்தநாகமும் கிடைக்காது, மணிச்சத்தும் குறையும். நெல்லில் துத்தநாகக் குறை தோன்றினால் அரை சதவீத துத்தநாக சல்பேட்டுடன் 1 சதவீத யூரியாவைச் சேர்த்துத் தெளிக்கலாம். யூரியா அதனுடன் வண்டல் தராது.

கால்சியம் நைட்ரேட்டுடன் டி.ஏ.பி. போன்ற பாஸ்பேட் உரத்தையோ, சல்பேட் உரத்தையோ செறிவாகக் கலக்கலாகாது. முதலாவதில் கால்சியம் பாஸ்பேட்டும், இரண்டாவதில் ஜிப்சமும் வீழ்படிவாகும். சொட்டுநீர்க் குழாயில் உரம் விடுபவர்கள் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும். வாளியில் வண்டல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும்; குழாயில் விழுந்தால் சொட்டுவான் அடைத்த பிறகுதான் தெரியும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் பாஸ்பேட் உரம் விட்டாலும் இதே தொல்லை நேரலாம்.

டி.ஏ.பி.யுடன் சுண்ணாம்பைச் சேர்த்தால் மணிச்சத்து கரையாத வடிவுக்கு மாறும். தழைச்சத்து அம்மோனியாவாகப் போகும்.

ஐயம் இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. கண்ணாடிப் புட்டியில் அரை லிட்டர் நீர் எடுத்து, தெளிக்கப்போகும் அதே விகிதத்தில் இரண்டையும் சேர்த்துக் குலுக்கி, அரை மணி நேரம் வையுங்கள். வண்டல் படிந்தாலோ, திரிந்தாலோ, சூடேறினாலோ அவற்றைச் சேர்க்க வேண்டாம். தெளிவாக இருந்தாலும் முதலில் சில செடிகளுக்கு மட்டும் தெளித்துப் பார்த்தபின் வயல் முழுவதும் தெளிப்பதே முறை.

கரைசல் போலத் தோன்றுபவை

தெளிப்பானில் நாம் ஊற்றுபவை எல்லாம் கரைசல் அல்ல. நனையும் தூள் மருந்துகள் நீரில் கரைவதில்லை. நுண்ணிய துகள்களாக மிதக்கின்றன. இதைத் தொங்கல் என்பர். அசையாமல் நின்றால் துகள்கள் அடியில் படியும். அதனால் முதல் டாங்கின் தொடக்கத்தில் ஒரு அளவும், முடிவில் வேறு அளவும் பயிருக்குப் போகும். முதலில் சிறிதளவு நீர் விட்டுக் குழம்பாகக் குழைத்து, பிறகு மீதி நீரைச் சேர்த்து, தெளிக்கும்போதும் இடையிடையே கலக்கிவிட வேண்டும்.

வேப்பெண்ணெய் நீரில் கரையாது. சோப்புக் கரைசல் சேர்த்துக் கலக்கினால் எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து பால்போல் வெள்ளையாகும். இது பால்மம். சோப்பின் ஒரு முனை எண்ணெயையும், மறுமுனை நீரையும் பற்றிக்கொள்வதால் இது நடக்கிறது. 3 சதவீதத்துக்கு லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய். சோப்பை முதலில் எண்ணெயுடன் நன்கு கலந்த பின்பே நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மேலே எண்ணெய் படலமாக மிதந்தால் கலவை சரியாகவில்லை என்று பொருள். அதைத் தெளித்தால் சில இலைகளில் வெறும் நீரும், சில இலைகளில் வெறும் எண்ணெயும் விழும்.

போர்டோ கலவையும் ஒரு தொங்கலே. பிரான்ஸ் நாட்டின் போர்டோ பகுதியில் திராட்சையின் அடிச்சாம்பல் நோயைத் தடுக்க இதைப் பயன்படுத்தலாம் என்று மில்லார்டே என்ற அறிஞர் 1885-ஆம் ஆண்டு வெளியிட்டார். 1 சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை நீற்றி வடிகட்டி 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்துக்கொள்ள வேண்டும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றலாகாது. இரும்புப் பாத்திரம் கூடாது. துத்தத்தில் உள்ள தாமிரம் இரும்பின்மேல் படிந்துவிடும். இதே குணத்தைச் சோதனைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். துலக்கிய கத்தியை ஒரு நிமிடம் கலவையில் அமிழ்த்தி எடுத்தால், செம்பு நிறம் படியாமல் இருக்க வேண்டும். படிந்தால் கரைந்த நிலையில் தாமிரம் மிஞ்சியிருக்கிறது. அது இலையைச் சுடும். செம்பு நிறம் படியாத வரை சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். தயாரித்த அன்றே தெளித்து முடித்துவிட வேண்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. குருணை உரத்தை முதல் நாளே ஊற வையுங்கள்; தெளிவை மட்டும் பயன்படுத்துங்கள்.
2. உரத்தை நிறுத்தும், நீரை அளந்தும் எடுங்கள்.
3. தாய்க்கரைசலை 20 லிட்டராக்கி, டாங்குக்கு அளந்து ஊற்றுங்கள்.
4. டி.ஏ.பி.யுடன் துத்தநாக சல்பேட், சுண்ணாம்பு, கால்சியம் உரம் எதையும் சேர்க்காதீர்கள்.
5. தூள் மருந்தையும் எண்ணெய்க் கலவையையும் தெளிக்கும் நேரம் முழுவதும் கலக்கிக்கொண்டே இருங்கள்.
6. வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.
7. வேலை முடிந்ததும் தெளிப்பானை இரண்டு, மூன்று முறை நல்ல நீரால் கழுவி வையுங்கள். மூக்கில் உலர்ந்து நிற்கும் உப்பே அடுத்த முறை அடைப்புக்குக் காரணம்.

இவற்றில் எதற்கும் கூடுதல் செலவு இல்லை. முதல் நாள் மாலை ஒரு வாளி நீரும், ஒரு துணியும், ஓர் அளவுக் குவளையும் இருந்தால் போதும். தரிசுப் பயறுக்கு நாம் கொடுக்கும் இரண்டே வேளை உணவு, முழுவதும் கரைந்து, முழுவதும் இலையைச் சேர்வதற்கு இவையே வழி.